பிலோமினா போட்ட கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, உங்களுக்கு போன். பட்டாபிராம்லருந்து" என்றாள். பட்டாபிராம் என்றால் பிலோமினாதான். புதன்கிழமை நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டவள், சாக்குச் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளைத் திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே ஈரக் கையோடு போய் ரிசீவரை எடுத்தேன். பேசியது அவள் மகள் ஸ்டெல்லா. "கஸ்தூரி ஆன்ட்டி, அம்மா விடியக்காலையில போயிட்டாங்க" என்றாள். நெஞ்சை வலிக்கிறது என்றாளாம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ரிடையராகி இன்னும் இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. வேளாங்கண்ணிக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போக அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது? திருவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் ஆவடி வந்து, ஆவடியில் ரயில் ஏறுகிற வரை அந்தக் கோபம் இருந்தது. ரயிலில் பெண்கள் பெட்டியில் அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

நம் ஊழியர் சங்க இதழில் அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மறைந்தவரை மரியாதையாக 'அவர்' என்று எழுத வேண்டுமாம். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மின்விசிறிக்குச் சண்டை போட்டவர்கள் நாங்கள். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள் என்பது அவளுடைய ரிடையர்மென்ட் விழாவில்தான் எனக்கு உறைத்தது. நான் 'அவர்' என்று எழுதினால், "யாருடி கஸ்தூரி அந்த அவர்?" என்று கேட்க எழுந்து வந்துவிடுவாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

அவளைத் தெரிந்தவர்களுக்கு அவள் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி நடந்து வருகிறவளின் பேச்சு, அவளுக்கு முன்னாலேயே அலுவலகத்துக்கு வந்துவிடும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் ஒரு பெரிய கறுப்புப் பை. தவக்காலம் வந்தால் டீயை விட்டுவிடுவாள். டீ இல்லாத பிலோமினாவோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் தவம் இருந்தது நாங்கள்தான். ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கூழை நான் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோனால், முதல் டம்ளர் அவளுக்குத்தான் என்று அவளே தீர்மானம் போட்டுவிடுவாள்.

இதைப் படிக்கப்போகும் குடும்பத்தாருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது தொழிலாளர் காப்பீட்டின் கிளை அலுவலகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்கள், ஃபவுண்டரியில் கால் வெந்தவர்கள், கிரைண்டிங்கில் கண்ணில் பிசிறு பட்டவர்கள் எல்லோரும் எங்கள் கவுண்டருக்குத்தான் வருவார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கு கிடைக்கும். வைத்தியம் முடிந்தும் குறை தங்கிவிட்டால், மருத்துவ போர்டு என்று டாக்டர்கள் சிலர் கூடி உட்கார்ந்து, அந்த ஆளுடைய சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை பங்கு போயிற்று என்று முடிவு செய்வார்கள். அந்தப் பங்குக்குத் தகுந்த பணம் அவர் ஆயுசு உள்ளவரை மாதாமாதம் வரும்.

போர்டு கூடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை வீடு சும்மா இருக்குமா? வாடகை, பள்ளிக்கூடம், கடன் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். அதனால் கவுண்டருக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எவ்ளோ வரும்மா?" நாங்களும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்: "ஆர்டர் வரட்டும்." பிலோமினா மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள். "ஆர்டர் வர்ற வரைக்கும் அவங்க காத்து குடிச்சிட்டு இருப்பாங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். வருகிறவரை எதிரில் உட்காரவைத்து, இவ்வளவு வரலாம் என்று தோராயமாக ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுவாள். நான் அவளைக் கிளி ஜோசியக்காரி என்று கேலி செய்வேன். "என் கிளி இதுவரைக்கும் தப்புச் சீட்டு எடுத்ததில்லை" என்பாள். பெருமையாகத்தான் சொல்வாள். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது.

கணக்கு என்று சொன்னேனே, அவள் எப்போதும் இரண்டு கணக்குச் சொல்லுவாள். ஒன்று கம்மிக் கணக்கு, இன்னொன்று ஜாஸ்திக் கணக்கு. "கம்மிக் கணக்குல குடும்பம் நடத்துங்க. ஜாஸ்திக் கணக்குல கனவு காணுங்க. ரெண்டையும் மாத்திப் பண்ணிடாதீங்க" என்பாள். அதையும் ஆம்பிளை தனியாக வந்தால் சொல்ல மாட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து எதிரில் உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பாள். தனியாகக் கேட்டுவிட்டுப் போன ஒருவர் மறுநாளே ஜாஸ்திக் கணக்கை நம்பி வட்டிக்கு வாங்கிப் பழைய ஆட்டோ ஒன்றை எடுத்த பிறகு வந்த சட்டம் அது. "வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க, சொல்றேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

ஃபவுண்டரிக்காரர் ஒருவர் தன் கொழுந்தியாளையே மனைவி என்று சொல்லிக் கூட்டிவந்ததை நம் அலுவலகத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அவருக்கு மனைவிக்குத் தெரியாமல் மொபெட் வாங்க ஆசை. பிலோமினா அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த மாசம் ரேஷன்ல சர்க்கரை போட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் விழித்தாள். "எங்க அக்காவைத்தான் கேக்கணும்" என்று உண்மையாகவே பதில் சொன்னாள். ஃபவுண்டரிக்காரர் எழுந்து ஓடிய வேகத்தில், அவருடைய காலுக்கு ஒன்றுமே இல்லை என்று எழுதிவிடலாம் போல் இருந்தது. பிலோமினா சிரிக்கவில்லை. "சீக்கிரம் அக்காவை வரச் சொல்லும்மா, பாவம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

கணக்குப் போடுவதற்கு முன்னால் அவள் காயத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். "காலைல எழுந்ததும் முதல்ல இன்னா பண்ணுவீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். பல் விளக்குவது, லுங்கியை இறுக்கிக் கட்டுவது, வாளி தூக்குவது, சட்டைப் பித்தான், ஓடுகிற ரயிலில் கம்பியைப் பிடிப்பது என்று ஒன்றொன்றாக அவர்களே சொல்லச் சொல்லக் கேட்பாள். எதிரிலேயே சிலதைச் செய்து காட்டவும் சொல்லுவாள். யாராவது கஷ்டப்பட்டு ஒரு வேலையைச் செய்துவிட்டால் போதும், எழுந்து நின்று கைதட்டுவாள். வேலை நேரத்தில் இது என்ன கூத்து என்று மேலாளர் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அந்தக் கைதட்டல்தான் ஒரு தடவை அவளுக்கே வினையாக வந்தது. எண்பதுகளின் கடைசியில் நடந்தது அது.

ஏகாம்பரம் மண்ணூர்பேட்டைக்காரர். பவர் பிரஸ் ஆபரேட்டர். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின, நடுவில் இருந்த மூன்றும் போய்விட்டன. முதல் தடவை பணம் வாங்க வந்தபோது, கையெழுத்துப் போட முடியாதே என்று இடது பெருவிரலில் மை தடவ ஏற்பாடு செய்தோம். மனிதர் கையை இழுத்துக்கொண்டார். "நான் எட்டாவது படிச்சவம்மா. கைநாட்டு வெக்க மாட்டேன்" என்றார். பின்னால் வரிசை நெளிந்தது. பிலோமினா எழுந்து அவரிடம் போய், "இன்னிக்கு வெச்சிட்டுப் போ. அடுத்த தடவை வர்றதுக்குள்ள எழுதிப் பழகு. பழகிட்டியானா உன்னை யாரு கைநாட்டு வெக்கச் சொல்லப் போறாங்க?" என்றாள். அவர் பழகினார். சில வாரம் கழித்து வந்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே பேனாவை இடுக்கிக்கொண்டு தன் பெயரை முழுதாக எழுதினார். பிலோமினா கைதட்டினாள். அவளோடு நாங்களும் தட்டினோம், வரிசையும் தட்டியது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். ஏகாம்பரம் அன்றைக்குப் போன நடையில் புது மாப்பிள்ளையின் மிடுக்கு இருந்தது.

அவர் மனைவி வசந்தா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலையில் இருந்தாள். இருவரையும் உட்காரவைத்து பிலோமினா தன் இரண்டு கணக்கையும் சொன்னாள். வசந்தா கம்மிக் கணக்கை மட்டும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டாள். அவர்களுடைய பெரிய பெண் செல்வி அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். அவளைத் தன்னோடு துணிக் கம்பெனிக்கு அழைத்துப்போவதா, மேலே படிக்கவைப்பதா என்பதுதான் வசந்தாவின் கவலை. "கம்மிக் கணக்கு வந்தாலே போதும்மா. பொண்ணு படிச்சிடும்" என்றாள். அடுத்த வாரமே செல்வியைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

போர்டு நடந்த அன்று மத்தியானம் ஏகாம்பரம் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், கையில் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு. எல்லோருக்கும் நீட்டினார். "டாக்டருங்க அசந்துட்டாங்கம்மா! பேர் எழுதிக் காட்டுனேன். அத்தோட உட்டேனா? வசந்தா கைல இருந்து ஊசிய வாங்கி நூல் கோத்துக் காட்டுனேன். ஒரே இஸ்து, உள்ள பூந்துச்சி. ஒருத்தரு கைதட்டவே ஆரம்பிச்சிட்டாரு!" என்றார். பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிவிட்டவரைப் போல முகம் பளபளத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் பிலோமினா மைசூர்பாகை வாயருகே வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆர்டர் வந்தது. கம்மிக் கணக்கில் பாதிகூட இல்லை. டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. ஊசியில் நூல் கோக்கிற கையைப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள். வசந்தா மட்டும் தனியாகக் கவுண்டருக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "உங்க கம்மிக் கணக்க நம்பித்தாம்மா பொண்ண சேத்தேன். இப்ப நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாள். பிலோமினா அவள் வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என்னை வரச் சொன்னாள். மண்ணூர்பேட்டைக்கு, ஏகாம்பரம் வீட்டுக்குப் போகப்போகிறாளாம். நான் தடுத்தேன். "தோராயம்னு சொல்லித்தானே சொன்னே. உன்மேல என்ன தப்பு? ஆபீஸ்காரி வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்" என்றேன். "நிக்கட்டும். நீ வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?" என்றாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல் போனேன்.

ஒற்றை அறை வீடு. செல்வி எங்களைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றாள். பிலோமினா பாயில் உட்கார்ந்த உடனே, "ஏகாம்பரம், நான் போட்ட கணக்கு தப்பாப் போயிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "நீங்கதானம்மா கைதட்டுனீங்க" என்றார்.

"ஆமாம், நான்தான் தட்டினேன். நீ எழுதினதுக்குத் தட்டினது தப்பில்ல. இன்னிக்கும் தட்டுவேன். போர்டுல இன்னாத்தைப் பாப்பாங்கன்னு உன்கிட்ட சொல்லாம விட்டேன் பாரு, அதுதான் தப்பு. இத்தினி வருஷமா இந்த வேலை பாக்கறேன், எனக்குத் தோணியிருக்கணும்" என்றாள். பிறகு, அப்பீல் செய்ய வழி இருக்கிறது என்றாள்.

ஏகாம்பரத்துக்கு அதில்தான் கோபம் வந்தது. "அப்பீலுக்குப் போயி இன்னா சொல்றது? என்னால முடியல, நான் நொண்டிக் கைன்னு அழுவணுமா? அன்னிக்கி செஞ்சத இன்னிக்கி செய்ய முடியலன்னு ஆக்டு குடுக்கணுமா? அந்தப் பொழப்பு நமக்கு வாணாம்மா. பொண்ண நிறுத்திக்கிறோம்."

"ஆக்டு குடுத்தியோ, நானே வந்து டாக்டருங்க கிட்டச் சொல்லிடுவேன்" என்றாள் பிலோமினா. அவள் குரல் ஏறியது. "அன்னிக்கு நூல் கோத்தியே, எத்தினி தடவை கோத்தே?"

"ஒரு தபா."

"அன்னிக்கு அதுக்கப்புறம் கை எப்பிடி இருந்துது?"

பதில் சொன்னது வசந்தா. "ராத்திரிக்குக் கஞ்சி கிண்ணத்தப் புடிக்க முடியலம்மா. நான்தான் ஊட்டுனேன்."

"இதை அங்கே சொன்னியா?" என்று பிலோமினா கேட்டாள். "பிரஸ்ஸுல ஒரு தடவை மிதிச்சா ஷிப்டு முடிஞ்சிடுமா? ஒரு தடவை செய்யறது வித்தை, ஏகாம்பரம். நாள் பூரா செய்யறதுதான் வேலை. உனக்கு வித்தை போகலை. வேலைதான் போயிருக்கு. அழ வேணாம், நடிக்க வேணாம். அன்னிக்குச் செஞ்சதையே திரும்பச் செய். திரும்பத் திரும்பச் செய். நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் செய். முடிஞ்ச வரைக்கும் முடியட்டும்."

ஏகாம்பரம் தன் வலது கையை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அந்தக் கையை அவர் அப்படி உற்றுப் பார்த்ததே இல்லை என்று வசந்தா பிறகு என்னிடம் சொன்னாள். எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவர வெளியே நின்ற செல்வியை அனுப்பினார். அதை வைத்துத்தான் அவர் சம்மதித்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை மேலாளருக்கு விஷயம் எட்டிவிட்டது. பிலோமினாவை அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோரும் கேட்டோம். "நம்ம ஆர்டரை எதிர்த்து அப்பீல் பண்ணச் சொல்லித் தரத்தான் உங்களுக்குச் சம்பளமாம்மா?" என்றார். "சார், அப்பீல் பண்ணலாம்னு வாசல்ல நோட்டீஸ் இருக்கு. அதை ஒட்டினதே நீங்கதான். எழுத்து சின்னதா இருக்கு, நான் கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டினேன், அவ்வளவுதான்" என்றாள். மேலாளர் நல்ல மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டு, "போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க" என்றார். அப்பீலுக்கான காகிதங்களில் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவரும் அவர்தான்.

அப்பீல் விசாரணைக்கும் வசந்தா கூடவே உள்ளே போனாள். அங்கே நடந்ததைக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் எங்களுக்குச் சொன்னபோது, வரிசையில் இருந்தவர்கள்கூடத் தங்கள் அவசரத்தை மறந்து கேட்டார்கள்.

ஏகாம்பரம் தானே ஊசியையும் நூலையும் கேட்டு வாங்கியிருக்கிறார். முதல் தடவை நூல் சுலபமாக நுழைந்தது. பெரிய டாக்டர், "நல்லாத்தான் செய்யறீங்களே" என்றார். "ஆமா சார், நல்லாத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு நூலை உருவினார், மறுபடி கோத்தார். மறுபடி உருவினார், மறுபடி கோத்தார். டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நூல் நுனி ஊசியின் காதைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. மணிக்கட்டு நடுங்கியது. முழங்கையிலிருந்து வேர்வை மேஜையில் சொட்டியது. ஊசி கீழே விழுந்தது. குனிந்து வலது கையாலேயே எடுக்கப் பார்த்தார், அந்த இரண்டு விரலும் மடங்கவில்லை. வசந்தா எடுத்துக் கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டினார். பெரிய டாக்டர், "போதும்பா, போதும்" என்றார்.

"இல்ல சார். மெஷினுகிட்ட போயி போதும்னு சொன்னா அது நிக்காது. ஷிப்டு முடியறதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது" என்றாராம் ஏகாம்பரம், தரையைத் தடவிக்கொண்டே.

டாக்டர் எழுந்து வந்து, தானே குனிந்து ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நிறுத்துங்க" என்று சொல்லி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, எந்த மெஷின், என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அதைச் சொல்லும்போதுதான் வசந்தாவுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது.

புது ஆர்டரில் வந்த தொகை, பிலோமினாவின் இரண்டு கணக்குக்கும் நடுவில் இருந்தது. செல்வியின் படிப்பு நிற்கவில்லை. பிலோமினா அலுவலகம் முழுவதற்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தாள். "பாத்தியாடி, என் கிளி தப்புச் சீட்டு எடுக்காது" என்று என் தோளில் அடித்தாள். "நடுவுல ஒண்ணு எடுத்துதே" என்றேன். "அதை அதுவே திருப்பி வெச்சிடுச்சு" என்றாள். இந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தப்பைத் தப்பு என்று வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவளுக்குத் திமிராக இருக்க எல்லா உரிமையும் உண்டு.

அதற்குப் பிறகும் அவள் கைதட்டுவதை நிறுத்தவில்லை. தட்டி முடித்த உடனே, "இன்னொரு தடவை செய்யுங்க" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள். எதிரில் இருப்பவர் செய்வார். "இன்னொரு தடவை" என்பாள். எங்கே கை தளர்கிறது, எப்போது மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகுதான் கணக்கு. ரிடையரான பிறகும் பட்டாபிராமில் அவள் வீட்டு வாசலில் கட்டுப்போட்ட கைகளும் கால்களும் வந்து உட்கார்ந்திருக்கும். "பென்ஷன் அவங்க குடுக்கறாங்க, வேலை இவங்க குடுக்கறாங்க" என்று சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அடக்கம். கூட்டம் தெரு கொள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும், ஒவ்வொருவராக ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தோம். ஏகாம்பரமும் வந்திருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அவர் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால்தான் மண்ணை அள்ளினார். விரல் இல்லாத இடைவெளி வழியாகப் பாதி கொட்டிவிட்டது. மிச்சத்தைப் போட்டார். நகராமல் மறுபடி குனிந்து அள்ளினார். மறுபடி போட்டார். பின்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. மண்வெட்டியோடு நின்ற குழி வெட்டும் ஆள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, போதும்" என்றார்.

"இரு நைனா. நிறுத்துன்னு அவங்க சொல்லட்டும்" என்றார் ஏகாம்பரம்.

வசந்தா அவர் தோளைத் தொட்டாள், ஆனால் தடுக்கவில்லை. நான் புடவையைச் சொருகிக்கொண்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அவருடைய கை ஓய்கிற வரை நாங்கள் இரண்டு பேரும் போட்டோம். அதற்குப் பிறகுதான் மண்வெட்டி வேலை செய்தது.

திங்கட்கிழமை அலுவலகம் போனேன். வலது கையில் கட்டோடு ஓர் ஆள் கவுண்டருக்கு வந்து, "எவ்ளோ வரும்மா?" என்று கேட்டார். ஆர்டர் வரட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவருக்குப் பின்னால் மனைவி நிற்கிறாளா என்று பார்த்தேன். நின்றாள். இருவரையும் உள்ளே கூப்பிட்டு, பிலோமினாவின் பழைய நாற்காலிக்கு எதிரில் உட்காரவைத்து, நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். "காலையில எழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். சட்டை போடுவேன் என்றார். பித்தானைக் கழற்றிப் போட்டுக் காட்டச் சொன்னேன். இடது கையால் நெடுநேரம் தடுமாறி ஒரு பித்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். எழுந்து நின்று கைதட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.